இது அதே கம்ப்யூட்டர்தானா?

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், சின்ன ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு வரி நிற்கும். பார்த்தவுடன் திருட்டு விண்டோஸ் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் முழு விலை கொடுத்து, பில்லோடு லேப்டாப் வாங்கியவரின் திரையிலும் ஒருநாள் அதே வரி வந்து நிற்கிறது. மதர்போர்டு மாற்றிய மறுநாள் வரும். ஃபார்மட் செய்து வாங்கிவந்த அன்று மாலையே வரும். சில சமயம் நாம் எதையுமே தொடாதபோதும் வரும்.

காரணம் இதுதான். ஆக்டிவேஷன் என்ற ஏற்பாட்டுக்கு நாம் காசு கொடுத்தோமா என்பது தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு வழியும் இல்லை. அது பார்ப்பவை இரண்டுதான். கொடுத்திருக்கும் கீ (விண்டோஸோடு வரும் ரகசிய எண்) சரியானதா? முதலில் பதிவான அதே கம்ப்யூட்டர்தானா இது? ரேஷன் கடையில் கார்டு கையில் இருந்தும், உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாததால் மூதாட்டி வெறும் பையோடு திரும்புவதைப் பார்த்திருப்போம். அவருடைய உரிமை போய்விடவில்லை. மெஷினுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஒரிஜினல் விண்டோஸ் வாங்கியவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த வகைதான்.

மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகல் எடுப்பது பற்றிய சண்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வயதுக்குச் சமமானது. ஆல்டேர் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டருக்குத் தாங்கள் எழுதிய பேசிக் மொழியைப் பலரும் நகல் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். இருந்தும், 2001 வரை விண்டோஸில் பூட்டு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை.

விண்டோஸ் 95 சிடி உறையில் அச்சிட்டிருந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் மூன்று இலக்கம், ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். கம்ப்யூட்டர் செய்த சோதனை பள்ளிக்கூடக் கணக்குதான். முதல் மூன்று இலக்கம் 333, 444 முதல் 999 வரையிலான சில எண்களாக இருக்கக் கூடாது. பின்னால் உள்ள ஏழு இலக்கங்களைக் கூட்டினால் வரும் தொகை 7-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அவ்வளவே. 111-1111111 என்று அடித்தாலே போதும்: ஏழு ஒன்றுகளின் கூட்டுத்தொகை 7, கதவு திறந்துவிடும். ஒரே எண்ணை ஊர் முழுவதும் ஆயிரம் கம்ப்யூட்டரில் அடித்தாலும் மைக்ரோசாஃப்டுக்குத் தெரியவராது. அன்று பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட்டே கிடையாது.

அடுத்து வந்தது நாம் இன்றும் பார்க்கும் 25 எழுத்துக் கீ. இதை வடிவமைத்தவர்களின் கவனத்தைப் பாராட்ட வேண்டும். ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலுமிருந்து 24 குறிகளை மட்டும் எடுத்தார்கள். உயிரெழுத்துகளை முழுக்க விலக்கினார்கள். அதனால் தற்செயலாகக்கூட அதில் எந்தச் சொல்லும் உருவாகாது. பூஜ்யமா 'ஓ'வா, ஒன்றா 'ஐ'யா, ஐந்தா 'எஸ்'ஸா என்று ஸ்டிக்கரைக் கண்ணருகே வைத்துக் குழம்பும்படியான குறிகளையும் ஒதுக்கினார்கள். 24 குறிகளை 25 இடங்களில் அமைக்கும் வழிகள் 35 இலக்க எண்ணாக வரும். இத்தனை கோடானு கோடியில் செல்லுபடியாகும் கீ எது என்று தீர்மானிப்பது டிஜிட்டல் கையொப்பக் கணிதம். கையொப்பம் போடும் ரகசியம் மைக்ரோசாஃப்டிடம் இருக்கும். அதைச் சரிபார்க்கும் பாதி மட்டும் ஒவ்வொரு விண்டோஸிலும் இருக்கும். இனிமேல் 111 அடித்து யாரும் உள்ளே வர முடியாது.

ஆனால் உண்மையான ஒரு கீயைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால்? கணிதம் அங்கே உதவாது. கீ உண்மையானதுதானே. எனவே 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, கீயைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து முடிச்சுப் போட்டது. நிறுவிய 30 நாளுக்குள் இன்டர்நெட்டிலோ போனிலோ ஆக்டிவேட் செய்ய வேண்டும். தவறினால் உள்ளே நுழையவே விடாது. போன் வழி என்றால் திரையில் தெரியும் 50 இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, மறுமுனையில் சொல்லும் 42 இலக்கங்களைக் கேட்டு அடிக்க வேண்டும்.

அந்த 50 இலக்கங்களுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது, நம் கம்ப்யூட்டரை மைக்ரோசாஃப்ட் வேவு பார்க்கிறதா என்ற பயம் அப்போது உலகமெங்கும் எழுந்தது. எக்ஸ்பி வெளியாவதற்கு முன்பே, 2001 ஜூலையில், ஃபுல்லி லைசென்ஸ்டு என்ற ஜெர்மன் நிறுவனம் அதைப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்டது. எக்ஸ்பி பார்த்தது 10 விஷயங்கள். டிஸ்ப்ளே கார்டு, ஹார்டு டிஸ்க், அதை இணைக்கும் கன்ட்ரோலர்கள், சிடி டிரைவ், நெட்வொர்க் கார்டு, பிராசஸர் வகை, அதன் வரிசை எண், டிஸ்கை ஃபார்மட் செய்யும்போது உருவாகும் எண், ரேம் எவ்வளவு என்பவை. ஒவ்வொன்றிலிருந்தும் சில பிட்களை மட்டும், திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி சுருக்கி எடுத்துக்கொண்டது. ரேம்கூடத் துல்லியமாக இல்லை. இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்ற அளவில்தான். நம் கம்ப்யூட்டரில் என்ன பிராண்ட் ஹார்டு டிஸ்க் என்று அந்த எண்ணை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆக்டிவேஷனை நான் எத்தனை குறை சொன்னாலும், இந்த ஒரு விஷயத்தில் அதை உருவாக்கிய பொறியாளர்கள் பொறுப்போடு நடந்துகொண்டார்கள் என்பதே என் கருத்து.

அதே கம்ப்யூட்டரா என்ற தீர்ப்பு ஓட்டெடுப்பு போல நடந்தது. நெட்வொர்க் கார்டு மாறாமல் இருந்தால், மற்றவற்றில் ஆறு மாறிய பிறகே மீண்டும் ஆக்டிவேட் செய்யச் சொல்லும். நெட்வொர்க் கார்டு மாறிவிட்டால் அதையும் சேர்த்து நான்கு மாற்றமே போதும். ஒரே டிஸ்ப்ளே கார்டை எத்தனை தடவை மாற்றினாலும் அது ஒரு மாற்றம்தான். உலகத்தில் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனி எண் உண்டு என்பதால் அதன் சாட்சிக்கு அவ்வளவு மதிப்பு. அப்போது அது தனி கார்டாக இருந்தது. பிறகு மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டது. டிஸ்ப்ளே, சவுண்டு, டிஸ்க் கன்ட்ரோலர் எல்லாமே மெல்ல மதர்போர்டுக்குள் குடியேறின. ஓட்டுகள் பத்தாகவே இருந்தாலும், பெரும்பான்மை ஒரே பலகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று மதர்போர்டு மாறினால் கம்ப்யூட்டரே மாறிவிட்டதாக விண்டோஸ் நினைப்பதன் மூலம் இதுதான்.

இப்போது நம்மூர் லேப்டாப்புக்கு வருவோம். இங்கேதான் மிகப் பெரிய நஷ்டம் யாருக்கும் தெரியாமல் நடக்கிறது.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, லேப்டாப்பின் அடியில் கீ ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் முடிந்தது. தயாரிக்கும்போதே ஒவ்வொரு லேப்டாப்பின் மதர்போர்டு மென்பொருளுக்குள்ளும் அதற்கென்று தனி கீயை எழுதிவிடுகிறார்கள். ஹார்டு டிஸ்கை அழித்தாலும், கழற்றிப் புதிய எஸ்எஸ்டி போட்டாலும் அந்தக் கீ அழியாது. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது தானே கீயை எடுத்துக்கொண்டு ஆக்டிவேட் ஆகிவிடும். வாங்கியவருக்கு இதைவிட வசதி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: கீ எந்தப் பதிப்புக்கு உரியதோ அதே பதிப்பைத்தான் நிறுவ வேண்டும். இந்தியாவில் விற்கும் சாதாரண லேப்டாப்களில் பெரும்பாலும் வருவது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்பு.

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோகிறோம். "ஓ.எஸ். போட்டாத்தான் சார் சரியாகும்" என்கிறார் பையன். பென் டிரைவில் எப்போதும் தயாராக இருக்கும் விண்டோஸ் புரோவைப் போடுகிறார். மதர்போர்டில் இருப்பது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் கீ; நிறுவியிருப்பது புரோ; இரண்டும் பொருந்தாது. ஆக்டிவேட் செய்யச் சொல்லி திரை கேட்கிறது. அவர் அதே பென் டிரைவிலிருந்து, பூட்டை உடைக்கும் ஒரு கிராக்கை ஓடவிடுகிறார். எழுத்து மறைகிறது; 500 ரூபாய் வாங்கிக்கொண்டு லேப்டாப்பைத் தருகிறார். நாம் விலையோடு சேர்த்துக் கொடுத்து வாங்கிய ஒரிஜினல் லைசென்ஸ் மதர்போர்டுக்குள் பத்திரமாக, பயனில்லாமல் கிடக்கிறது. அதன் மேலேயே திருட்டு விண்டோஸ் ஓடுகிறது. அந்தப் பையனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை. வாடிக்கையாளரும் கேட்பதில்லை.

"எந்த எடிஷன் வந்ததோ அதையே போடுங்க, கிராக் வேண்டாம்" என்று கடையில் ஒரு வாக்கியம் சொன்னால் இது தீர்ந்துவிடும். விண்டோஸ் நிறுவும் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். விலை லைசென்ஸுக்குத்தான், கோப்புக்கு அல்ல.

மதர்போர்டே பழுதானால் கதை வேறு. லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் அந்த லேப்டாப்போடுதான் வாழும். வேறொன்றுக்கு மாற்ற முடியாது. ஆனால் மதர்போர்டு பழுதாகி, தயாரிப்பாளர் அதே வகை போர்டையோ அதற்கு ஈடாகத் தான் ஏற்கும் போர்டையோ மாற்றித் தந்தால் புதிய லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த விதி. இதைத் தெரியாமல் மறுபடி காசு கொடுத்தவர்கள் உண்டு. வெளிக்கடையில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய போர்டைப் போட்டால், அந்தப் போர்டின் பழைய கீதான் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வரும். அது எந்தப் பதிப்பு, யாருடையது என்பதைப் பொறுத்தே மற்றவை.

2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10, கீ என்ற பேச்சையே பலருக்கு இல்லாமல் செய்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்கள் இலவசமாக மேலே வந்தார்கள். அவர்களின் கம்ப்யூட்டர் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவானது. டிஜிட்டல் லைசென்ஸ் என்பது இதுதான். கீ தொலைந்துபோகும் தொல்லை ஒழிந்தது. அதே நேரம், காசு கொடுத்ததற்குக் கையில் பிடித்துக் காட்டும்படி நம்மிடம் எதுவும் மிஞ்சவில்லை. எல்லாம் சர்வர் சொல்வதைப் பொறுத்தது.

சர்வர் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 2007 ஆகஸ்ட் 24 அன்று, ஒரிஜினல் விண்டோஸ் விஸ்டாவையும் எக்ஸ்பியையும் வைத்திருந்தவர்களுக்கு உங்களுடையது போலி என்று செய்தி வந்தது. விஸ்டாவில் சில வசதிகளும் நின்றன. சோதனைக் கட்டத்தில் இருந்த மென்பொருளைத் தவறுதலாக உண்மையான சர்வர்களில் ஏற்றிவிட்டார்கள். அந்தச் சர்வர்கள் அதற்குத் தயாராக இல்லை. அது சரியாவதற்கு ஏறக்குறைய 19 மணி நேரம் ஆனது. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் 12,000-க்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. பிறகு கொடுத்த விளக்கம் கவனிக்க வேண்டியது. சர்வர் முழுக்கப் படுத்துவிட்டால் எல்லோரையும் உண்மையானவர்கள் என்றே எடுத்துக்கொள்ளும்படிதான் அமைத்திருந்தார்கள். ஆனால் அன்று சர்வர் படுக்கவில்லை. விழித்திருந்து, தவறான பதிலைச் சொன்னது. அதற்கு எதிராக எந்த ஏற்பாடும் இல்லை.

2018 நவம்பர் 8 அன்று மறுபடி. விண்டோஸ் 10 புரோ வைத்திருந்த பல நாட்டவருக்கு, "உங்களிடம் இருப்பது ஹோம் லைசென்ஸ்தான், புரோ ஆக்டிவேட் ஆகவில்லை" என்று திரை சொன்னது. மைக்ரோசாஃப்ட் தன் பக்கத் தவறு என்று ஒப்புக்கொண்டு சரிசெய்தது. பொறுத்திருந்தவர்களுக்குத் தானாகச் சரியாயிற்று. திடீரென்று ஒருநாள் இப்படி வந்தால் பதறிப்போய் ஃபார்மட் செய்யவோ புதுக் கீ வாங்கவோ வேண்டாம், ஓரிரு நாள் பொறுங்கள் என்று சொல்வதற்கு இந்த அனுபவமே காரணம்.

இனி கிராக். பல விண்டோஸ் கிராக்குகள் பெரிய நிறுவனங்களுக்காக உள்ள ஒரு வசதியைப் போலியாக நடிக்கின்றன. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உள்ள ஆபீஸில் ஒவ்வொன்றும் மைக்ரோசாஃப்டைத் தொடர்புகொள்வது நடைமுறைக்கு ஒவ்வாது. அதனால் கேஎம்எஸ் என்ற உள்ளூர் சர்வரை ஆபீஸுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 25 கம்ப்யூட்டர்கள் வந்து கேட்ட பிறகே அது ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். கொடுக்கும் அனுமதி 180 நாளுக்கு. ஆபீஸை விட்டு வெளியே கொண்டுபோன லேப்டாப் அதற்குள் ஒருமுறையாவது திரும்பிவர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. எஃப்074 என்று முடியும் பிழை எண் வந்தால், அந்தச் சர்வரை எட்ட முடியவில்லை என்று பொருள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த எண்ணைப் பார்த்தால், உங்களுக்குத் தெரியாமல் யாரோ நிறுவனப் பதிப்பைப் போட்டிருக்கிறார்கள்.

கிராக் செய்வது, நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி கேஎம்எஸ் சர்வரை உட்காரவைப்பது. அதற்கு முழு அட்மின் உரிமை வேண்டும். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். நாமே நிறுத்துகிறோம். தீய மென்பொருள் எழுதுபவனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. கேஎம்எஸ்பிகோ என்ற பிரபலமான கிராக்கின் பெயரில் பரவிய கோப்புகளில், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடும் கிரிப்ட்பாட் இருந்ததை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. நெட் பேங்கிங், வருமான வரிக் கணக்கு, வாடிக்கையாளரின் ஆதார் நகல் எல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான். ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ் 10, 11-ல் வால்பேப்பரையும் நிறத்தையும் மாற்ற முடியாது, மூலையில் எழுத்து நிற்கும். மற்றபடி வேலை நடக்கும், விண்டோஸ் 11-க்குப் பாதுகாப்பு அப்டேட்டும் வரும். லைசென்ஸ் ஒப்பந்தப்படி அது சரியல்ல என்பது உண்மை. ஆனால் ஆபத்து என்று பார்த்தால், அந்த எழுத்தை மறைக்கக் கிராக் போடுவது அதைவிடப் பல மடங்கு மோசம்.

சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் கீகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் பல, நிறுவனங்களுக்குக் கொத்தாகக் கொடுத்த கீகள் அல்லது கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களின் கீகள். வாங்கிய அன்று வேலை செய்யும். எண்ணிக்கை மீறியது தெரிந்ததும் கீ முடக்கப்படும். சி003 என்று முடியும் பிழை எண் வரும். காசு கொடுத்தேன் என்று சொல்லிப் பயனில்லை.

சட்டமும் இந்தக் குழப்பத்தில் பங்கு கொள்கிறது. இது விற்பனை அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்று மென்பொருள் ஒப்பந்தங்கள் சொல்கின்றன. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று, ஆரக்கிளுக்கும் யூஸ்டுசாஃப்டுக்கும் இடையிலான வழக்கில், காலவரையறை இல்லாமல் கொடுத்த மென்பொருள் லைசென்ஸை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2 அன்று, வருமான வரி வழக்கு ஒன்றில், வெளிநாட்டு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கக் கொடுக்கும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி அல்ல என்று, அதை விற்பனையாகவே பார்த்தது. மறுபக்கம், திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. லாப நோக்கமோ வணிகப் பயன்பாடோ இல்லை என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. டிடிபி சென்டருக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்றே செட்டிங்ஸ் போய், சிஸ்டம் பகுதியில் ஆக்டிவேஷனைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 10-ஆக இருந்தால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். எந்தப் பதிப்பு, டிஜிட்டல் லைசென்ஸா, அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். இணையவில்லை என்றால் மதர்போர்டு நன்றாக இருக்கும்போதே இணைத்துவிடுங்கள். கடையில் தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை, மதர்போர்டு மாறிய பிறகும் ட்ரபிள்ஷூட் வழியாக மீட்க இந்த இணைப்பு தேவை. மாற்றிய பிறகு இணைக்க முயன்றால் காலம் கடந்திருக்கும். எஃப்211 என்று முடியும் பிழை எண் ஹார்டுவேர் மாறியதைச் சொல்வது. அதற்குரிய மருந்து அந்த ட்ரபிள்ஷூட்தான். பில்லையும் பெட்டியில் வந்த கீ அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள். அசெம்பிள் செய்து வாங்குபவர்கள் கொட்டேஷனில் விண்டோஸ் என்று மட்டும் எழுதியிருந்தால், ரீடெய்லா, அந்தக் கம்ப்யூட்டரோடு மட்டும் வாழும் ஓஇஎம்மா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. வீட்டில் பிள்ளைகள் பாடம் படிக்கவும் தமிழில் தட்டச்சு செய்யவும் மட்டும் பயன்படும் அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், அடுத்த முறை ஓ.எஸ். போடக் கொடுக்கும்போது உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நம் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. அவற்றில் ஆக்டிவேஷன் என்று ஒன்று கிடையாது.